கல்லா மொழி: பேரு எங்கேருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்றது?

கல்லா. கங்கைல வர்ற முதல் எழுத்து மாதிரி உச்சரிக்கணும், கடை கல்லாப்பெட்டி இல்ல. அமெரிக்காவுல தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடலோரத்துலயும் அங்க இருக்கிற தீவுகள்லயும் கறுப்பின மக்கள் பேசுற மொழி, அந்த மக்களுக்கும் அதே பேருதான். ஜார்ஜியா பக்கம் கீச்சின்னு சொல்லுவாங்க. பேரு அங்கோலாவுல இருந்து வந்துச்சுன்னு சிலர், லைபீரியா பக்கத்து கோலா இனத்துல இருந்துன்னு சிலர், இன்னும் முடிவாகல.

18ஆம் நூற்றாண்டுல கரோலினா பண்ணை முதலாளிங்க நெல்லு போட்டு கொழிச்சாங்க, அதுக்கு நெல் விவசாயம் தெரிஞ்ச மேற்கு ஆப்பிரிக்க ஆளுங்களா பாத்து அடிமையா வாங்குனாங்க. மலேரியாவுக்கு பயந்து வெள்ளைக்காரங்க கோடைல பண்ணைய விட்டு போயிடுவாங்க, தீவுகளுக்கு பாலமும் கிடையாது, அதனால பல மொழிக்காரங்க தங்களுக்குள்ள பேசிப் பேசி, இங்கிலீஷ் சொல்லும் ஆப்பிரிக்க மொழிகளோட நடையும் கலந்து உருவான பேச்சு அவங்க பிள்ளைங்களுக்கு தாய்மொழியாவே ஆயிடுச்சு. இப்படி பல மொழி கலந்து பிறந்து, தாய்மொழியா நிலைச்ச மொழியத்தான் மொழியியல்ல கிரியோல்னு சொல்லுவாங்க. சாப்பிடுறத 'ஞாம்'னு சொல்லுவாங்க, அது ஆப்பிரிக்க சொல்லு. அவன், அவள், அது மூணுக்கும் 'ஈ'ங்கிற ஒரே சொல்லு.

ரொம்ப காலம் இத உடைஞ்ச இங்கிலீஷ்னுதான் ஒதுக்குனாங்க. லோரன்சோ டவ் டர்னர்ங்கிற கறுப்பின மொழியியலாளர் 1930கள்ல ரெக்கார்டிங் மெஷினோட ஊர் ஊரா போயி ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்க சொற்கள பதிவு பண்ணி 1949ல புத்தகமா போட்டாரு, அதுக்கப்புறம்தான் அறிஞர்கள் வாய் அடங்குச்சு. ஜார்ஜியா ஹாரிஸ் நெக்ல அமீலியா டாலிங்கிற அம்மா அவருக்கு பாடிக்காட்டுன பாட்டு, அர்த்தம் தெரியாமலே தலைமுறை தலைமுறையா பாடிட்டு வந்தது, முழுக்க மெண்டே, அதாவது மேற்கு ஆப்பிரிக்காவுல சியரா லியோன் நாட்டுல பேசுற மொழி! அந்த நாட்டுல ஒரு கிராமத்துல அதே பாட்ட சாவுச் சடங்குப் பாட்டா ஒரு பெண் நினைவு வச்சிருந்தாங்க. அமீலியாவோட மகள் மேரி மோரன் 1997ல அங்கயே போயி அவங்கள பாத்தாங்க. கடத்திட்டு வந்து பேரையும் ஊரையும் பிடுங்கினப்புறமும் ஒரு பாட்டு இப்படி தங்கியிருக்குன்னா அந்த பெண்களத்தான் கும்பிடணும்.

சரி, தமிழ்ல? கிரியோலுக்கு நிறைய பேரு 'கலப்பு மொழி'ன்னு எழுதுறாங்க, எனக்கு அது பத்தல, ஏன்னா சந்தைல யாவாரத்துக்கு மட்டும் பேசுற பிட்ஜினும் கலப்புதான், ஆனா அத யாரும் தொட்டில்லேருந்து பேசி வளர்றதில்ல. கிரியோல்ங்கிற சொல்லுக்கே வேரு போர்ச்சுகீஸ்ல 'வளர்க்கிறது'ன்னு அர்த்தம் வர்ற சொல்லுதான். அதனால 'கலப்புத் தாய்மொழி'ன்னு எழுதலாம். கல்லாங்கிறது பேரு, அத அப்படியே விட்டுடணும், 'கொச்சை ஆங்கிலம்'னு மட்டும் தயவுசெஞ்சு எழுதாதீங்க.