மழலையர் கல்வி படித்தால் நர்சரி டீச்சர் வேலை மட்டும்தானா?

மழலையர் கல்வி மாணவர்களுக்குக் களப்பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒருமுறை ஒரு மாணவி தன் குறிப்பேட்டில், நான்கு வயதுச் சிறுவனைப் பற்றி ‘அடம் பிடிக்கிறான், சொன்னால் கேட்பதில்லை’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, “கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதும்மா” என்றேன். மறுவாரக் குறிப்பு இப்படி இருந்தது: ‘எதிரில் நின்று கூப்பிட்டால் வருகிறான். பின்னாலிருந்து கூப்பிட்டபோது நான்கு முறையும் திரும்பவில்லை.’ காதைப் பரிசோதித்ததில் நடுக்காதில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற தொந்தரவுதான். ஆனால் அதற்குள் அவனுக்கு ‘அடங்காப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் வகுப்பறைக்கு வெளியேயும் தேவைப்படுகிறார்கள். இந்தப் படிப்பின் எல்லை பிறப்பிலிருந்து எட்டு வயது வரை. நம் மாணவர்களோ மூன்று முதல் ஐந்து வரை மட்டுமே யோசிக்கிறார்கள். வளர்ச்சித் தாமதமுள்ள கைக்குழந்தைகளுக்கான ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களில் வேலை இருக்கிறது. அங்கே நீங்கள் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் தாய் தகப்பனுக்கு: குளிப்பாட்டும்போது எப்படிப் பேசுவது, எந்தப் பக்கம் பொம்மையைக் காட்டுவது என்று.

நான் அதிகம் சிபாரிசு செய்வது மருத்துவமனைப் பணி. 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்குமென ஒரு தனிப் பிரிவையே தொடங்கினார். இந்தப் பணியில் இருப்பவர்கள் ஊசி இல்லாத சிரிஞ்சைக் குழந்தையின் கையில் கொடுத்து, பொம்மைக்கு முதலில் போடச் சொல்வார்கள். தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று கை வழியாகப் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

குழந்தைகள் நலத்துறை, சிறார் நூல் பதிப்பகம், விளையாட்டுப் பொருள் வடிவமைப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றிலும் இடமுண்டு. ஆனால் பேச்சுப் பயிற்சியாளராகவோ உளவியலாளராகவோ ஆக இந்தப் பட்டம் மட்டும் போதாது. அதற்குத் தனிப் படிப்பும், பல இடங்களில் உரிமமும் வேண்டும். ‘மூன்று மாதச் சான்றிதழ் போதும்’ என்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வகுப்பறையில் சம்பளம் குறைவு என்பதும் உண்மை. எனக்கு ஆறாத வருத்தம் அது. இருந்தாலும் முதல் இரண்டு வருடம் அங்கேயே இருங்கள் என்பேன். நூறு பிள்ளைகளையாவது பார்த்துப் பழகினால்தான் வித்தியாசமான ஒன்று கண்ணில் படும்.

நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு உங்கள் களப்பயிற்சிக் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள், பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு.