அமரோசிஸ் ஃபியூகாக்ஸ்: ஒற்றைக்கண் பார்வை மறைதல்

டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலோ 'அமரோசிஸ் ஃபியூகாக்ஸ்' என்று பார்த்துவிட்டு, இது என்ன புது வியாதி என்று பயந்துபோய்த் தேடுகிறவர்கள் உண்டு. விஷயம் இதுதான்: ஒரு கண்ணில் மட்டும், வலி எதுவும் இல்லாமல், திடீரென்று பார்வை போய், சில நொடியிலோ சில நிமிடத்திலோ தானாகத் திரும்பி வருவது. பெரும்பாலும் 10, 15 நிமிடத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகிவிடுவதால்தான் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

'அமரோஸ்' கிரேக்கச் சொல். இருண்ட, மங்கிய என்று பொருள். 'ஃபியூகாக்ஸ்' லத்தீன், ஓடிப்போகிற தன்மை கொண்டது. இரண்டு மொழியையும் ஒட்டவைத்தால் 'ஓடிப்போகும் இருட்டு'. அந்தக் காலத்தில் அமரோசிஸ் என்றால், வெளியே பார்க்கக் கண் நன்றாக இருந்தும் பார்வை இல்லாத நிலை. புரை விழுந்தால் கண்மணி வெளுத்துத் தெரியும், இதில் அப்படி ஒன்றும் தெரியாது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் கருவியை வெளியிடும்வரை விழித்திரையில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே வழி இல்லை. நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, வைத்தியருக்கும் ஒன்றும் தெரியாது, அதுதான் அமரோசிஸ் என்று வைத்தியர்களே கிண்டலடித்தார்கள்.

சரி, நம்ம குமரி மாவட்டத்தில் இதை என்ன சொல்கிறோம்? நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, "கண்ணு இருட்டிட்டு வருது" என்பதுதான் பேச்சு. இந்த ஒரே வாக்கியத்துக்குள் தலைசுற்றல், பசி மயக்கம், பிரஷர் இறங்குவது, சுகர் குறைவது எல்லாம் அடங்கிவிடும். அவையெல்லாம் பொதுவாக இரண்டு கண்ணையும் சேர்த்து இருட்டடிக்கிறவை. ஒரு கண் மட்டும் என்கிற சேதி அதில் தொலைந்துபோகிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணனுக்கு நடந்தது இது. விடியும் முன்னால் தலையில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிற வேலை. கத்தியைப் பட்டையில் வைத்து இழுக்கும்போது மேலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கியிருக்கிறது. பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்து லைட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார். சிரட்டையில் பால் சொட்டுவது தெரிகிறது, ஆனால் பாதி தெரியவில்லை. அப்புறம்தான் மணிக்கட்டால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்திருக்கிறார். வலதைப் பொத்தினால் முழு இருட்டு, இடதைப் பொத்தினால் எல்லாம் பளிச். அடுத்த மரத்துக்கு நடப்பதற்குள் திரை மேலே ஏறிவிட்டது. வீட்டில் சொன்னதற்கு, "வெறும் வயித்தோட போவாண்டாம்னா கேக்கணும்லா" என்று பதில். பிறகு டாக்டரிடம் போனபோது அவர் கண்ணைப் பார்த்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தாராம். அண்ணனுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

கழுத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கழுத்தின் இரு பக்கமும் கரோட்டிட் என்கிற பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது மண்டைக்குள் நுழைந்ததும் அந்தந்தப் பக்கத்துக் கண்ணுக்கு ஒரு கிளை கொடுக்கும், அந்தக் கிளையிலிருந்துதான் விழித்திரைக்கு ரத்தம். பீடி, சிகரெட், சுகர், பிரஷர், கொழுப்பு இவற்றால் கழுத்துக் குழாயில் படிவு சேர்ந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து விழித்திரைக் குழாயில் போய்ச் சிக்கினால் அந்தக் கண் இருண்டுவிடும். துணுக்கு உடைந்து நகர்ந்தால் பார்வை திரும்பும். மஞ்சளாக மினுங்கும் அந்தக் கொழுப்புத் துகள்களைச் சில சமயம் விழித்திரைக் குழாய் பிரியும் இடத்தில் நேராகவே பார்க்கலாம். 1961-இல் அவற்றை விவரித்த அமெரிக்கக் கண் மருத்துவரின் பெயரால் ஹாலன்ஹார்ஸ்ட் படிவு என்கிறார்கள். அடுத்த துணுக்கு கண்ணுக்குப் போகாமல் மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம், அதனால் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்பது இங்கே செல்லாது.

எல்லாமே கழுத்திலிருந்து வருவதில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ வால்வில் கோளாறு இருந்தாலோ அங்கிருந்தும் ரத்தக்கட்டி கிளம்பும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிப்பது, மெல்லும்போது தாடை கடுப்பது இவற்றோடு கண் இருண்டால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதி ரத்தக்குழாயில் அழற்சியாக இருக்கலாம். நம்மூரில் அரிது, ஆனால் ஸ்டீராய்டு உடனே கொடுக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். சின்ன வயதுக்காரர்களுக்கு ரத்தக்குழாய் சுருங்குவதாலும் மைக்ரேனாலும் வரலாம். கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது கண் அழுத்தம், வேறு கதை. இருட்டில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க மறு கண்ணால் போனைப் பார்த்துவிட்டு எழுந்ததும் போன் பார்த்த கண் கொஞ்ச நேரம் தெரியாமல் போவதும் உண்டு. அதில் பயம் இல்லை.

இன்னொரு குழப்பம்: 'இடது கண் தெரியவில்லை' என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இரண்டு கண்ணிலும் இடது பாதி தெரிந்திருக்காது. அது மூளையின் கோளாறு. ரப்பர் அண்ணன் செய்த மாதிரி மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம்ம மாவட்டத்துக்காக ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். வர்மம், தடவல் எல்லாம் இங்கே ஆழமாக வேரூன்றியவை, ஆசான்மார் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் இந்த மாதிரிக் கண் இருண்டவர் கழுத்தை நீவவோ, முடிவெட்டும் கடையில் சொடக்கெடுக்கவோ விடக்கூடாது. படிவு உள்ள குழாயை அழுத்தினால் துணுக்கு பெயரலாம்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்), இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), மூளை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று போகும். ரத்தக்கட்டி சேராமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை, கொழுப்புக்கு ஸ்டாட்டின், இதயத் துடிப்புக் கோளாறு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்து. அந்தப் பக்கத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தால் கழுத்தைத் திறந்து படிவை எடுக்கும் அறுவை சிகிச்சை, முடிந்தால் 2 வாரத்துக்குள். முழுசாக அடைத்துப்போன குழாயில் பொதுவாகக் கை வைப்பதில்லை. பீடியை நிறுத்தாமல் இது எதுவும் நிற்காது.

இனி தமிழ்ப் பெயர். 'தற்காலிகப் பார்வையிழப்பு' என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 'தற்காலிகம்' சமாதானம் சொல்கிறது, 'ஒரு கண்' என்பது அதில் இல்லவே இல்லை. 'கணநேரக் குருடு' என்றால் அடிக்க வருவார்கள். மாலைக்கண் போல 'திரைக்கண்' என்று அழகாகச் சொல்லலாம்தான், ஆனால் கண்ணில் திரை என்றால் புரை என்று எடுத்துக்கொள்வார்கள். இழந்தது திரும்பாது, மறைந்தது திரும்பும். குமரிமுனையில் சூரியன் மறைவதைத்தானே பார்க்கப் போகிறோம்! 'மறைவு' என்று முடித்தால் இரங்கல் போஸ்டர் ஞாபகம் வந்துவிடும், ஆகவே 'ஒற்றைக்கண் பார்வை மறைதல்'. நீளம்தான், இருக்கட்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜோ வேறு எந்த ஆஸ்பத்திரியோ, சீட்டு போடும் இடத்தில் 'கண் மங்கல்' என்று சொன்னால் கண்ணாடி சோதிக்கும் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "இடது கண்ணு மட்டும் இத்தனை நிமிஷம் தெரியாம போச்சு, இப்போ தெரியுது" என்று சொல்லுங்கள். பார்வை திரும்பவே இல்லை என்றால் சீட்டு வரிசை வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.