கறுப்பு முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் படத்தைப் பாழாக்கினேன். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் சட்டையின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டது. பிரிண்டில் பல்லும் விபூதியும்தான் தெரிந்தன. "பையன் கறுப்பு, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார் முதலாளி. பல வருடம் நானும் வாடிக்கையாளர்களிடம் இதையேதான் சொன்னேன்.

குற்றம் தோலில் இல்லை. பாதி என் அளவீட்டில், மீதி பிலிமில். 1950களிலிருந்து பிலிம் தயாரிக்கும் கோடாக் நிறுவனம், பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பெயர் ஷெர்லி கார்டு. ஷெர்லியின் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. அமெரிக்கப் பள்ளிகளின் குரூப் போட்டோக்களில் கறுப்பினப் பிள்ளைகளின் முகங்கள் இருட்டில் கரைந்தன; தாய்மார் புகார் சொன்னார்கள். பிலிம் மாறியது, சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான். இதைப் பின்னாளில் கோடாக் ஊழியர்களே சொன்னார்கள். தாய்மாரின் புகாரைவிட சாக்லேட்டின் புகாருக்கு எடை அதிகம்!

ஷெர்லிக்கு நூறு வருடம் முன்பே கேமராவின் பலத்தைப் புரிந்துகொண்டவர் பிரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பர். அவருடைய படங்கள் சுமார் 160 கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் வேறெந்த அமெரிக்கரும் இத்தனை முறை படமெடுக்கப்பட்டதில்லை. அன்றைய கேலிச்சித்திரங்களில் கறுப்பர் என்றால் பல்லிளிக்கும் அடிமை. அதனால் டக்ளஸ் கேமரா முன் சிரிப்பதைத் தவிர்த்தார்.

1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லை வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் எறிந்தார்கள். உடல் சிகாகோ வந்தது. முகத்தைச் சீர்செய்யட்டுமா என்று அடக்கம் செய்பவர் கேட்டார். தாய் மேமி டில் வேண்டாம் என்றார். சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். டேவிட் ஜாக்சன் எடுத்த படத்தைக் கறுப்பின மக்களின் 'ஜெட்' பத்திரிகை வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளிகளை விடுவித்தது. ஆனால் தங்களைத் தெருவில் இறக்கியது அந்தப் படம்தான் என்று பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளிகள் பலர் சொன்னார்கள். அன்றாடம் படங்களில் முகத்தைத் திருத்தி, ரீடச் செய்து பிழைக்கும் எனக்கு, அந்தத் தாய் சொன்ன 'வேண்டாம்' இன்றும் உறுத்துகிறது.

இப்போது மீட்டரை முகத்தருகே பிடித்து அளக்கிறேன். சட்டை வெளுத்தால் வெளுக்கட்டும். பக்கவாட்டில் ஒரு தெர்மோகோல் பலகையைப் பிடித்தால் கன்னத்தில் ஒளி படியும். மணப்பெண் முகத்தை வெளுப்பாக்கச் சொல்லி உறவினர்கள் வந்தால், அந்தப் பெண்ணையே கேட்கிறேன். பாதிப் பேர், "கொஞ்சம் வெளுத்தால் நல்லது அண்ணா" என்கிறார்கள்.