பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: சுவிட்ச் வெட்ட வேண்டியது எந்த வயரை?

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் உப்பு எப்போதும் உண்டு. பாத்ரூம் ஈரத்தோடு அது சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு தங்கிவிடும், அதுவே அடுத்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சில வருடம் கழித்து ஃபேனின் டெர்மினலைத் திறந்தால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், ஸ்க்ரூ துருவேறி நிற்கும். மின்சாரம் கசியத் தொடங்குவது அங்கேதான்.

ஃபேன் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. 40 வாட் ஃபேனை 230 வோல்ட்டில் ஓட்டினால் 0.2 ஆம்பியரைக்கூடத் தொடாது. 6 ஆம்பியர் சுவிட்ச், 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், லைட் சர்க்யூட்டின் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச்), இவையே தாராளம். கீசர் லைனிலிருந்து எடுக்க வேண்டாம். அங்குள்ள எம்சிபி பெரியது, ஃபேன் வயர் சூடேறினாலும் அது விழாது.

சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, கதவோரம் இருக்கட்டும். கரண்ட் வரும் சிவப்பு ஃபேஸ் வயர் அந்த சுவிட்ச் வழியாக ஃபேனுக்குப் போக வேண்டும், கரண்ட் திரும்பும் கறுப்பு நியூட்ரல் வயர் நேராகப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் ஃபேன் நன்றாகவே ஓடும், அணைத்தால் நிற்கும். அதனால்தான் இந்தத் தப்பு வருடக்கணக்கில் வெளியே தெரிவதில்லை. ஆனால் நியூட்ரலை வெட்டினால், நின்றுபோன ஃபேனின் வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) முழுக்க 230 வோல்ட் காத்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஈரத்துணியால் பிளேடு துடைப்பவருக்கு அதுவே ஆபத்து.

மெட்டல் பாடி ஃபேனுக்குப் பச்சை எர்த் வயர் கட்டாயம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் லைட் பாயிண்டுக்கு எர்த்தே இழுத்திருக்க மாட்டார்கள். அங்கே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை பாடியில் முறுக்கிவிடுவது கொடிய வேலை. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃபேனின் இரும்புக் கூடே ஃபேஸ் ஆகிவிடும். மெயினிலிருந்து எர்த் இழுக்க வேண்டும், முடியாவிட்டால் முழு பிளாஸ்டிக் பாடியில், டபுள் இன்சுலேஷன் குறியான சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஃபேனை வாங்குங்கள்.

மின்கசிவைக் கண்டு லைனை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் அந்த அளவை எட்டியதும் விழுந்துவிடும். எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே, கசிவு அந்த அளவை எட்டும்போதே விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்டு, அவர் உடல் வழியாகக் கரண்ட் பாய்ந்த பிறகுதான் விழும்.

வேலைக்கு முன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபேன் அந்த லைனில் இருந்தால், மெயின் விழுந்த மறுகணம் இன்வெர்ட்டர் உயிர் கொடுக்கும். இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று வேறொரு பாயிண்டில் முன்பே பார்த்துவிட்டு, பிறகு ஃபேன் வயரில் வையுங்கள். புதிதாக லைன் இழுப்பதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஜாயிண்டை முறுக்கி டேப் சுற்றினால் ஈரத்தில் பசை விட்டு அவிழும். மூடியுள்ள பிவிசி பெட்டிக்குள் கனெக்டர் போட்டு இறுக்குங்கள். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கிழக்குப் பார்த்த சுவர் என்றால் மதியக் கடற்காற்று ஃபேனை எதிர்த்துத் தள்ளும், வெளியே ஷட்டர் வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரம் என்றால் சுமார் 9 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்து முறை மாற 90 கன மீட்டர் வேண்டும், 6 அங்குல ஃபேன் அதைச் சுலபமாகத் தள்ளும். ஆனால் உள்ளே வருகிற அளவுக்குத்தான் வெளியே போகும். கதவை மூடி ஃபேனைப் போட்டு, கதவடியில் டிஷ்யூ துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அது உள்பக்கமாக இழுபடாவிட்டால் கதவின் அடியை அரை அங்குலம் இழைக்க வேண்டும்.