சடக்கென்று சத்தம் வந்தால் வலி போய்விடுமா?

குறுவை நடவு தொடங்கி இரண்டாவது வாரம் என் கிளினிக் வாசலில் செருப்புகள் கூடிவிடும். மன்னார்குடி பக்கம் 15 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முன்பெல்லாம் "வாயுப் பிடிப்பு சார்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். இப்போது முதலில் போனை நீட்டுகிறார்கள்.

தை அறுவடையின்போது வந்த ஒரு மெஷின் டிரைவரும் அப்படித்தான் ஒரு வீடியோ காட்டினார். ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தை ஒரே திருப்பு. சடக்! எழுந்தவர் கண் கலங்கச் சிரிக்கிறார். "இதே மாதிரி ஒண்ணு போட்டு விடுங்க சார், நாளைக்கு வண்டி எடுக்கணும்." அவருக்கு வலி இருந்தது இடுப்பில்!

வீடியோவில் இருப்பது கைரோபிராக்டிக். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. காது மந்தமான ஒருவருக்கு முதுகெலும்பை அழுத்தியதும் காது கேட்டது என்றார். முதுகெலும்பு விலகுவதால்தான் அநேக நோய்கள் வருகின்றன என்பது அவர் கட்சி. அது நிரூபணமாகவில்லை. சர்க்கரை, ஆஸ்துமாவுக்கெல்லாம் இதை யாராவது பரிந்துரைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். இடுப்பு வலி மட்டும் வேறு கதை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு, முதுகெலும்பைக் கையால் அசைத்துவிடும் சிகிச்சைக்கும் இடம் இருக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. பெல்ட் விற்கும் கடைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

சரி, அந்தச் சத்தம்? எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதேதான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. முறித்த விரலை உடனே மறுபடி முறித்துப் பாருங்கள், வராது. ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். முறித்ததும் கிடைக்கும் சுகம் உண்மைதான். ஆனால் சத்தம் வராவிட்டால் குணமாகாது என்றும் இல்லை.

கழுத்து விஷயத்தில் நான் பயந்தாங்கொள்ளி. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் ஊடே ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அபூர்வமாக அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். முடி வெட்டிய கையோடு சலூனில் கழுத்தை முறித்துவிடுவதற்கும் இது பொருந்தும். தலைக்கு மசாஜ் செய்யட்டும், கழுத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

ஒரு பாட்டி ஆற்றுப் படித்துறையில் வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தார். சுளுக்குதான் என்று பத்து நாள் எண்ணெய் போட்டு அழுத்தி வழித்திருக்கிறார்கள். காலால் பிறந்த ஒரு பையனை விட்டு இடுப்பில் மிதிக்கவும் வைத்தார்களாம். எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. வயதான பெண்களுக்கு எலும்பு வலுவிழந்திருக்கும். விழுந்த பிறகு வரும் முதுகு வலியில் எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது, நான் உட்பட. காய்ச்சலோ உடல் மெலிவோ கூடவே இருந்தாலும் டாக்டர்தான் முதலில். வலியோடு மூத்திரம் போகாமல், உட்காரும் இடம் மரத்து, கால் வலுவிழந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதெல்லாம் இல்லாத சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுங்கள், இதமாக இருக்கும். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு மட்டும் காலில் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் கொப்பளம் கண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், படுத்தே கிடக்காதீர்கள். டிரைவரிடமும் இதைத்தான் சொன்னேன்: மணிக்கு ஒரு தடவை வண்டியை விட்டு இறங்கி வரப்பில் நாலு எட்டு நடங்கள். முகம் கொஞ்சம் தொங்கித்தான் போனது.

நடவுக்குப் போகும் ஒரு அக்காவிடம்தான் நான் பாடம் படித்தேன். "குனியாதீங்க" என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நட்டுக் காட்டச் சொன்னேன். முழங்கால் விறைத்து நிற்க, இடுப்போடு மடிந்து, இடது கையில் நாற்று முடியைப் பிடித்தபடி பின்னாலேயே போனார். இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். ஒவ்வொரு முடியும் தீர்ந்ததும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்து தடவை பின்னால் வளையச் சொன்னேன்.

அடுத்த வாரம் வந்தவரிடம் வலி எப்படி என்றேன். "பாதி கொறஞ்சிருக்கு. ஆனா நான் நிமிந்தா வரிசையே நிமிருது சார், வயக்காரரு வரப்புல நின்னு மொறைக்கிறாரு."