சவரன், பவுன், கழஞ்சு

நகைக்கடைல "இன்னைக்கு சவரன் என்ன ரேட்டு"ன்னு கேக்குறோம், கல்யாணப் பேச்சுல "பொண்ணுக்கு எத்தனை பவுன் போடுறாங்க"ன்னு கேக்குறோம், ரெண்டும் அதே 8 கிராம்தான், ரெண்டும் ஒரே இங்கிலீஷ் காசுலேர்ந்து வந்த சொல்லுதான். அப்போ சவரனுக்குப் பதிலா கழஞ்சுங்கிற பழைய தமிழ் அளவையே சொல்லலாமே, முடியுமான்னு பாப்போம்.

அந்தக் காசு பேரு சாவரின், அப்படின்னா அரசன். 1489ல ஏழாம் ஹென்றி அடிச்ச தங்கக்காசுல ராஜா சிம்மாசனத்துல உக்காந்திருப்பாரு, அதான் அந்தப் பேரு. நம்ம எடைக்குக் கணக்கு 1817ல வந்த புது சாவரின், 22 கேரட், 7.98 கிராம், நாம அதை 8னு முழுசாக்கிட்டோம். அதோட மதிப்பு ஒரு பவுண்டு, அதனால பவுன். பொன்னுதான் பவுனாச்சுன்னு நினைக்கத் தோணும், அப்படி இல்ல. பவுண்டுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு எடைன்னுதான் பொருள், ஒரு காலத்துல ஒரு பவுண்டு எடை வெள்ளிதான் ஒரு பவுண்டு பணம், அந்த எடை பணமாகி, காசாகி, நம்மகிட்ட வந்து மறுபடி எடையாவே ஆயிடுச்சு பாருங்க!

தமிழ்ல தங்கத்துக்குன்னே இருந்த அளவு கழஞ்சு. கழற்சிக்காய் தெரியும்ல, பொம்பளப் பிள்ளைங்க தூக்கிப்போட்டுப் பிடிச்சு விளையாடுறது, அதுக்கே கழஞ்சுன்னும் பேரு உண்டு. ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, எல்லாமே விதைங்க. புறநானூறு 11ஆம் பாட்டுலயே பாடினிக்குக் கழஞ்சுக் கணக்குல செஞ்ச பொன்நகை பரிசா கிடைக்குது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் குடுத்த பொன்னை "ஆடவல்லான்"ங்கிற எடைக்கல்லால நிறுத்து இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றின்னு எழுதி வச்சிருக்காங்க, எடைக்கல்லுக்கே நடராஜர் பேரு, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு சிலிர்க்கும்.

ஆனா கழஞ்சு சுமார் 5 கிராம் சொச்சம்தான், அப்போ ஒரு சவரன் ஏறக்குறைய ஒன்றரைக் கழஞ்சு. அதனால சவரனை எடுத்துட்டு அப்படியே கழஞ்சுன்னு போட்டா கணக்கு தப்பிடும், என்னைக் கேட்டா விலை எழுதுற இடத்துல 8 கிராம்னு எழுதிடலாம், பழைய தங்கத்தைப் பத்திப் பேசுறப்ப கழஞ்சுன்னே சொல்லணும். குன்றிமணி மட்டும் இன்னும் நம்ம வாயில இருக்கு, "வீட்டுல குந்துமணி தங்கம் கூட இல்ல"ன்னு சொல்றோமே, அது கழஞ்சுல நாப்பதுல ஒரு பங்கு.