எஸ்க்ரோ: அனாமத்தா, அடைக்கலமா?

கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் பணத்தையோ பத்திரத்தையோ வாங்கி வைத்திருப்பதுதான் எஸ்க்ரோ. பேசிய காரியம் முடிந்தால் உரியவரிடம் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டும். இடையில் அதை எடுத்துச் செலவழிக்கவோ, அதைக் காட்டிக் கடன் வாங்கவோ நடு ஆளுக்கு உரிமை கிடையாது. அந்தப் பணத்துக்கென்றே வங்கியில் தனியாகத் திறப்பது எஸ்க்ரோ கணக்கு.

அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் காதில் இந்தச் சொல் விழுந்திருக்கும். வீடு வாங்குபவர்களிடம் வசூலிக்கும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். அதைத்தான் விளம்பரக்காரர்கள் எஸ்க்ரோ என்கிறார்கள். சட்டத்தில் இருப்பதோ வெறும் ‘தனிக் கணக்கு’. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதுவல்ல, வங்கியாக இல்லாமலே நம் பணத்தை வாங்கிக் கைமாற்றிவிடும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் எஸ்க்ரோ. அவற்றைப் ‘பணப்பட்டுவாடா நிறுவனங்கள்’ என்று எழுதலாம்தான். ஆனால் பணம் பிடிபட்டு 2019-இல் மக்களவைத் தேர்தலே ரத்தான வேலூரில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. ‘பணம் செலுத்துச் சேவை நிறுவனம்’ என்று வைத்துக்கொள்வோம்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். பழைய பிரெஞ்சில் ‘எஸ்க்ரோ’ என்றால் துண்டு, நறுக்கு, சுருள். முக்கியமாக, எழுதுவதற்கு வைத்திருந்த தோல் துண்டு. இங்கிலாந்துக்காரர்கள் அதைச் சட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நிலத்தை விற்பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, வாங்குபவரிடம் கொடுக்காமல் மூன்றாவது ஆளிடம் கொடுத்து வைப்பார். நிபந்தனை நிறைவேறிய பிறகே அது பத்திரமாக உயிர் பெறும். அதுவரை அது வெறும் துண்டு, எஸ்க்ரோ. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலச் சட்ட வழக்கில் இந்தப் பொருள் வந்துவிட்டது. துண்டைக் குறித்த சொல் பிறகு அந்த ஏற்பாட்டைக் குறித்தது, அதற்கும் பிறகு அந்த ஏற்பாட்டில் வைக்கும் பணத்தையும் கணக்கையும் குறித்தது.

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ தோல் ஷாப்பில் வேலை பார்த்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் கேட்பது, ‘எந்தத் தோலு?’ என்றுதான். நியாயமான கேள்வி. எழுதும் தோல் பதனிட்ட தோல் அல்ல. சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிக் காயவைத்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரைக் கண்டதே கிடையாது. வடாற்காட்டுக் கணக்கில் அது பாதி வேலை முடிந்த சரக்கு.

தமிழிலும் இப்படி ஒரு கதை உண்டு. ‘பத்ரம்’ என்றால் வடமொழியில் இலை. எழுதிய ஓலை, ஆவணம் என்ற பொருளோடு தமிழில் அது பத்திரம் ஆனது. ‘பத்ரம்’ என்றே நம் எழுத்தில் வருகிற இன்னொரு வடமொழிச் சொல்லுக்கு நலம், மங்கலம் என்று பொருள். அதுவும் இங்கே வந்து பத்திரம் ஆகி, ‘பத்திரமா வெச்சிரு’ என்பதில் நிற்கிறது. ஆவணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது தற்செயல்தான். எஸ்க்ரோவுக்குப் ‘பத்திரக் கணக்கு’ என்றே வைத்துவிடலாமே என்று ஆசை வரும். கடன் பத்திரமும் பங்குப் பத்திரமும் ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் குழப்பமே மிஞ்சும்.

வேலூர்த் தெருவில் எஸ்க்ரோ எங்கே இருக்கிறது? சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில், வங்காள எழுத்துப் பலகைகளுக்கு நடுவே, லாட்ஜில் தங்கிச் சமைத்துக்கொள்ளும் நோயாளிக் குடும்பங்களுக்குப் பாயும் பக்கெட்டும் அடுப்பும் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில், கொல்கத்தாவிலிருந்து வந்த பெரியவர் ஸ்கேன் செய்து பணம் கட்டினார். கல்லா மேலிருந்த பெட்டி ‘நானூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று தமிழில் சொல்ல, பெரியவர் புரியாமல் கடைக்காரர் முகத்தைப் பார்த்தார். கடைக்காரர் தலையாட்டி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பொட்டி வந்துச்சின்னுது. பேங்க்ல காணோம். நைட்டுக்கு மொத்தமா வருதுன்றான், சில நாளு காலைலதான் வருது. அதுவரைக்கும் நம்ம துட்டு எங்க சார் கீது?”

எல்லா ஸ்கேனும் இப்படி அல்ல. க்யூஆர் அட்டை நேரே கடைக்காரரின் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால் யுபிஐ பணம் அப்போதே கணக்கில் ஏறிவிடும். நடுவில் பேமென்ட் அக்ரிகேட்டர் இருந்து, பல கடைகளின் வசூலைச் சேர்த்து வாங்கி, பிறகு கணக்குத் தீர்க்கும்போதுதான் இந்த இடைவெளி. அவர் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டுமானால், எஸ்க்ரோவில் கீது.

பொய்கை மாட்டுச் சந்தையில் இருவருக்கும் தெரிந்த பெரியவர் கையில் பணத்தைக் கொடுத்து வைத்தால், அவர் முகமே ஜாமீன். செயலிக்கு முகம் கிடையாது. அதனால்தான் சட்டம் வருகிறது. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் இல்லாமல் எவரும் பணம் செலுத்தும் முறைமையை நடத்தக் கூடாது. மீறினால் ஒரு மாதத்திலிருந்து 10 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 26-ஆம் பிரிவு. கடைத்தெருவில் இதையும் ‘லைசென்ஸ்’ என்பார்கள். வங்கிக்குக் கொடுப்பது உரிமம், நிதி நிறுவனத்துக்குக் கொடுப்பது பதிவுச் சான்று, பணம் செலுத்துச் சேவைக்குக் கொடுப்பது அங்கீகாரம். மூன்றும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வருபவை. நிதி நிறுவனம் என்று கேட்டாலே வயிறு கலங்குகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர். எந்தக் காகிதத்தைக் காட்டுகிறார்கள் என்று பார்க்க இந்த வேறுபாடு அவர்களுக்கு உதவும்.

அக்ரிகேட்டர்களுக்கென்று தனி வழிகாட்டுதல் 2020 மார்ச் 17 அன்று வந்தது. வங்கிகள் இந்த வேலையைச் செய்யத் தனி அங்கீகாரம் வேண்டாம், வங்கி அல்லாதவர்களுக்கு வேண்டும். விண்ணப்பிக்கும்போது 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு (கடன் போக நிறுவனத்தில் மிஞ்சும் சொத்து) இருக்க வேண்டும், பிறகு அதை 25 கோடியாக உயர்த்த வேண்டும். வசூலித்த பணத்தை, ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வணிக வங்கி ஒன்றில் எஸ்க்ரோ கணக்கில்தான் வைக்க வேண்டும். சரக்கை அனுப்பிச் சேர்ப்பது கடைக்காரர் பொறுப்பானால், சரக்கு போய்ச் சேர்ந்த மறுநாளுக்குள் பணத்தை விடுவிக்க வேண்டும் என்று காலக்கெடுவும் அதில் இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த புதிய விதித்தொகுப்பு இணையம், எல்லை தாண்டிய வணிகம் ஆகியவற்றோடு கடையில் நேருக்கு நேர் நடக்கும் வசூலையும் சேர்த்துக்கொண்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மேலே சொன்ன 2007 சட்டத்தில் 2015-இல் சேர்த்த 23ஏ பிரிவு. நிறுவனம் திவாலானாலும் எஸ்க்ரோவில் உள்ள பணத்தின் மேல் முதல் உரிமை, அது சேர வேண்டியவர்களுக்குத்தான். நிறுவனத்தின் மற்றக் கடன்காரர்கள் அதன்பிறகே. கலைப்பு அலுவலர் அந்தப் பணத்தை வேறு பாக்கிக்குத் திருப்ப முடியாது. நாள்தோறும் பணம் வந்து போனாலும் குறையாமல் அடியில் கிடக்கிற ஒரு பகுதிக்கு நிறுவனம் வட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை மட்டும் உண்டு. அந்தப் பகுதியையும் 26 இருவாரங்களின் குறைந்தபட்ச இருப்பை வைத்துக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். ஏற்கெனவே ஒன்று நம்மிடம் இருந்தது, கெட்டுப்போயிற்று. அரபு மொழியில் ‘அமானத்’ என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். மேல்விஷாரம், வாணியம்பாடி முஸ்லிம் வணிகர் வீடுகளில் அமானத், அமானிதம் என்று இன்றும் அதே கனத்தோடு வழங்குகிறது. வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி எல்லாம் வந்த வழியில் அதுவும் அரசாங்கக் கச்சேரிக் கணக்குகளில் புகுந்து, எழுத்து இடம் மாறி, ‘அனாமத்து’ ஆயிற்று. முதலில் அதற்கும் ஒப்படைத்த பொருள் என்றே அர்த்தம். பிறகு, யாருடையது என்று முடிவாகாத தொகையை எழுதும் பக்கம் ‘அனாமத்துக் கணக்கு’ ஆனது. இன்றைக்கு ‘அனாமத்தா கெடக்குது’ என்றால் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பொருள். ஒப்படைத்த பொருள் கேட்பாரற்ற பொருளாகச் சரிவதைத் தடுக்கத்தானே 23ஏ பிரிவு! பிறப்பால் மிகப் பொருத்தமான சொல்லை எஸ்க்ரோவுக்கு வைக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

‘நம்பிக்கைக் கணக்கு’ என்றால் சட்டம் இருப்பதே தெரியாது. ‘பொறுப்புக் கணக்கு’ கடன் பொறுப்போடு குழம்பும். ‘காப்புக் கணக்கு’ சுருக்கமானதுதான், ஆனால் காப்பீடு பக்கத்திலேயே நிற்கிறது. நான் தேர்ந்தெடுப்பது அடைக்கலக் கணக்கு. அடைக்கலம் என்றால் இன்று புகலிடம் என்று மட்டுமே நினைக்கிறோம். ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளும் அடைக்கலம்தான், அடைக்கலப் பொருள் என்பது பழைய வழக்கு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றுதான் பெயர். ஏற்பவருக்கு அங்கே காக்கும் கடமை மட்டுமே உண்டு, சொந்தம் கொண்டாட இடமில்லை. எஸ்க்ரோவில் உள்ள நிபந்தனை என்ற கூறு இந்தச் சொல்லில் தெரியவில்லை என்று ஒருவர் குறை சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். தோல் துண்டு என்ற சொல்லிலும் அது தெரியவில்லையே.

எழுதும்போது ‘பணம் அடைக்கலத்தில் உள்ளது’, ‘அடைக்கலத்திலிருந்து விடுவிக்கப்பட்டது’ என்று வினையோடு இயல்பாகச் சேர்கிறது. முதல் முறை மட்டும் எஸ்க்ரோ என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் வாசகர் தடுமாற மாட்டார். ஒரு எச்சரிக்கை: எஸ்க்ரோவுக்கு முன்பு, இணைய வசூல் இடையாளர்களுக்கு ரிசர்வ் வங்கி 2009-இல் போட்ட விதிகளின் காலத்து ‘நோடல் கணக்கு’க்கு இதே சொல்லைப் போடக் கூடாது. அது வங்கி தன் உள்கணக்காக வைத்திருந்தது. லத்தீனில் முடிச்சு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த அதற்கு ‘கணுக் கணக்கு’ என்று எழுதலாம், அல்லது நோடல் என்றே விட்டுவிடலாம்.